காதிரைச்சலும் கழுத்தும்



"காதுக்குள் வண்டு ரீங்கரிப்பது போல் இருக்கிறது" என்பார் ஓர் ஆசிரியர். "வயதாகிறதல்லவா, பழகிப் போகும்" என்று மற்றொருவர் மறுமொழி சொல்வார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அந்த மறுமொழியை என்னால் ஏற்க இயலவில்லை.

காதிரைச்சல் தனி நோயன்று; ஓர் அறிகுறி. பலருக்கு அது கேட்கும் திறன் குறைவதோடு சேர்ந்து வருகிறது. ஒரு சாராருக்கோ அதன் முடிச்சு கழுத்திலும் தாடையிலும் கிடக்கிறது. செவி நரம்பின் செய்தியை மூளைத்தண்டில் முதலில் வாங்கும் இடத்திற்கே கழுத்திலிருந்தும் தாடையிலிருந்தும் நரம்புச் செய்திகள் வந்து சேர்கின்றன. ஆகவே, கழுத்தின் இறுக்கம் செவியில் ஒலியாகத் தோன்றக்கூடும். இவ்வகையை இனங்காண்பதற்கான அளவுகோல்களை வல்லுநர்கள் கூடி 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

பல்லைக் கடிக்கும்போதோ தலையைத் திருப்பும்போதோ இரைச்சல் கூடிக் குறைகிறதா? கழுத்து வலியும் இரைச்சலும் ஒன்றாகத் தொடங்கினவா? கட்டுரை ஏடுகளை மணிக்கணக்கில் குனிந்தே திருத்தும் நமக்கு (அதுவும் ஆண்டிறுதியில்!) இக்கேள்விகள் புதியவை அல்ல. 'ஆம்' என்றால், இயன்முறை சிகிச்சைக்குப் பரிந்துரை தருமாறு மருத்துவரிடம் கேட்கலாம். சிகிச்சையாளர் கழுத்து மூட்டுகளைக் கையால் மெல்ல இளக்குவார். கழுத்துத் தசைகளுக்குப் பயிற்சி தருவார். அமரும் முறையைத் திருத்துவார். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகையோரில் ஒரு பகுதியினருக்கு இரைச்சல் தணிந்தது. எல்லாருக்கும் அன்று, சிலருக்கு அத்தணிவு நீடிக்கவும் இல்லை. எனவே 'முற்றாகக் குணமாக்குவோம்' என்று விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டா.

முதலில் காதைச் சோதிக்க வேண்டும். சில வேளைகளில் வெறும் காதழுக்கே காரணமாக இருக்கும். ஒரு காதில் மட்டும் ஒலித்தாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அன்றே செல்ல வேண்டும். நாள் கடந்தால் சிகிச்சையின் பயன் குறையும். பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றுவது நம் வீடுகளில் இன்னும் தொடர்கிறது. செவிப்பறையில் துளையிருந்தால் அது கேடு. முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கிவிடுவதும் இயன்முறை சிகிச்சை ஆகாது. அரிதாகவே எனினும், அதனால் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

கேட்டல், பேச்சுத் திறனை மதிப்பிடும் ஆசிரியருக்குப் பின்வரிசை மாணவரின் மெல்லிய குரல் எட்டவில்லையென்றால், இழப்பு அந்த மாணவருக்கும்தான். ஆயினும் பலர் மருத்துவமனைக்குச் செல்லாததற்குக் காரணம், தம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதே. வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம், சில வாரங்களுக்கு மட்டும். தலைமையாசிரியர்கள் மாற்று ஆசிரியரை ஏற்பாடு செய்து தர இயலாதா? பெற்றோர்களும், "ஆசிரியர் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்கிறார்" என்று பிள்ளை வந்து சொன்னால், அதனை அலட்சியம் என்று உடனே முடிவுகட்டாதிருக்கலாம்.