ஆலங்குளத்துல வெயில்... குற்றாலத்துல வெள்ளம்!

நெல்லையிலிருந்து குற்றாலத்துக்கு பைக்ல போறவங்க, ஆலங்குளத்துல டீ குடிக்க நிக்கும்போதே வானத்தைப் பார்ப்பாங்க. பளிச்னு வெயில். 'இன்னிக்கு நல்லா குளிக்கலாம்'னு கிளம்பிடுவாங்க. ஆனா, அருவியில விழற தண்ணி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள்ள, நம்ம கண்ணுக்கே தெரியாத உயரத்துல பெய்யுற மழை.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்துல திடீர்னு பாய்ஞ்ச வெள்ளத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துபோனான். ஜூன்ல வர்ற சாரல் சீசன் அப்போ தொடங்கவே இல்லை. அதே வருஷம் டிசம்பர்ல, சீசன் முடிஞ்ச பிறகு, மறுபடியும் பெருவெள்ளம். ஆக, 'சீசன்'ங்கிறது கூட்டத்துக்கான காலண்டர்தான். வெள்ளத்துக்கு அது தெரியாது. பாதுகாப்பையும் அந்தக் காலண்டர்படியே போட்டா எப்படி? மேலே காட்டுக்குள்ள மழைமானி, கீழே சைரன், வருஷம் முழுக்க காவலுக்கு ஆள்... நாம கேட்க வேண்டியது இதைத்தான்.

அதுவரைக்கும் நம்ம கண்ணும் காதும்தான் சைரன். தண்ணி செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் அடிச்சுட்டு வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ ரீல்ஸை விட்டுட்டு மேட்டுக்கு ஏறிடுங்க. தேய்ச்ச எண்ணெய் உடம்புலயே இருந்தாலும் பரவாயில்லை. குளிக்கத் தடைன்னா போலீஸ்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க. பிரானூர் பார்டர் பரோட்டாவுக்கு எந்தத் தடையும் இல்லை!