ஆல்பமா, பாட்டு லிஸ்ட்டா? மொதல்ல அதை முடிவு பண்ணுங்கப்பு!

"எல்லாக் காலத்துக்குமான டாப் டென் தமிழ் ஆல்பம்"னு யாராவது ஆரம்பிச்சா போதும். அஞ்சாவது நிமிஷம் ராஜா கோஷ்டி ஒரு பக்கம், ரஹ்மான் கோஷ்டி ஒரு பக்கம் சேரைப் போட்டு உக்காந்துடும். பத்தாவது நிமிஷம் ஒரு பெரியவர் வந்து, "ரெண்டு பேருக்கும் அப்பன் எம்.எஸ்.வி.தான்யா"ன்னு தீர்ப்பு சொல்லிட்டுக் கெளம்பிடுவார். விடிய விடிய சண்டை நடக்கும். ஆனா ஒரே ஒரு ஆல்பத்தைப் பத்திக்கூட யாரும் பேசியிருக்க மாட்டாங்க. எல்லாரும் பேசினது ஆளைப் பத்தி. மிஞ்சிப் போனா ஹிட்டான ரெண்டு பாட்டைப் பத்தி.

இதுலதான் எனக்குக் கடுப்பு. ஆல்பம்னா என்னங்க? மொத பாட்டுல ஆரம்பிச்சு கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரே பொருளா நிக்கறது. நம்மாளுங்க போடறது ஆல்பம் லிஸ்ட்டே கிடையாது. "எனக்குப் புடிச்ச ஹிட்டுகள் இருக்கற படங்கள்"ங்கற லிஸ்ட். அதுக்கு இந்தப் பேரை வெக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

உதாரணத்துக்கு 'ரோஜா' (1992). 2005ல டைம் பத்திரிகையோட ரிச்சர்ட் கார்லிஸ் தன்னோட பத்து சிறந்த திரையிசை லிஸ்ட்டுல சேர்த்த ஆல்பம். அதோட பெருமையில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா ரோஜாவை நம்பர் ஒன்னுன்னு அடிச்சுச் சொல்றவங்களைப் பார்த்து ஒரு கேள்வி. 'ருக்குமணி ருக்குமணி'யை நீங்களா தேடிப் போய்க் கேட்டது கடைசியா எப்போ? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க சாமி. "அது சும்மா ஒரு கல்யாணப் பாட்டுங்க"ன்னு நீங்களே தள்ளி விட்டுட்டீங்கன்னா, நீங்க கொண்டாடறது ரோஜாங்கற ஆல்பத்தை இல்லை, மூணு பாட்டை.

எங்க தொழில்ல ஒரு ப்ரோக்ராம் எப்படி ஓடும்னு பாக்கறப்போ, நல்ல நாள்ல எவ்வளவு வேகம்னு மட்டும் பாத்துட்டு எழுந்து போக மாட்டோம். மோசமான நிலைமையில என்ன ஆகும்னு பாப்போம். ஆல்பத்துக்கும் அதே கணக்குதான். அதோட பெஸ்ட் பாட்டை எங்கிட்ட காட்டாதீங்க. அதுலேயே சுமாரான பாட்டு எதுன்னு காட்டுங்க. அது அந்த எடத்துல ஒரு காரணத்தோட உக்காந்திருக்கான்னு பாப்போம்.

உடனே ஒருத்தர் கேப்பார்: "ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறதை நீ யாருய்யா கேள்வி கேக்க?" ஓட்டு பத்திக் கொஞ்சம் பேசிடலாம். 2002ல பிபிசி உலக சேவை, உலகத்தோட அபிமானப் பாட்டு எதுன்னு ஒரு ஓட்டெடுப்பு நடத்துச்சு. மொத எடம் அயர்லாந்தோட 'எ நேஷன் ஒன்ஸ் எகெய்ன்'. நாலாவது எடம் நம்ம 'ராக்கம்மா கையத் தட்டு'. க்வீனோட 'பொஹீமியன் ராப்சடி' பத்தாவது. பீட்டில்ஸ் பத்துக்குள்ளேயே வரலை! 'தளபதி' ரசிகனா எனக்கு அன்னிக்குத் தேதிக்கு விசிலடிக்கத் தோணும்தான். ஆனா அது ரசனையோட கணக்கா? எந்த ஊர்க்காரங்க கூட்டமாப் போய்க் குத்தினாங்கங்கற கணக்கு.

சரி, நிபுணர்கள் போடற லிஸ்ட்டு? ரோலிங் ஸ்டோன் பத்திரிகையோட 500 ஆல்பம் பட்டியல்ல 2003லயும் 2012லயும் பீட்டில்ஸோட 'சார்ஜன்ட் பெப்பர்' தான் மொத எடம். 2020ல புதுசா ஓட்டு வாங்கி அடுக்கினப்போ, மார்வின் கேயோட 'வாட்ஸ் கோயிங் ஆன்' மேல வந்துடுச்சு. பெப்பர் 24வது எடத்துக்குப் போயிடுச்சு. 1967ல வந்த அந்த ரெக்கார்டுல நடுவுல ஒரு ஸ்வரம்கூட மாறலை. ஓட்டுப் போட்டவங்க மாறினாங்க, அவ்ளோதான். அதனால லிஸ்ட்டுல எத்தனாவதுங்கறதுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஏன் அது அங்க இருக்குன்னு சொல்ற காரணத்துக்குத்தான் மதிப்பு. நம்மாளுங்க தவிர்க்கறது அந்தக் காரணத்தைத்தான்.

இன்னொரு கூத்து இந்த "எல்லாக் காலத்துக்கும்" மேட்டர். எங்க சித்தப்பாவுக்கு எல்லாக் காலமும் 1980ல ஆரம்பிச்சு 88ல முடிஞ்சுடும். எங்க அத்தை பையனுக்கு 92லேர்ந்து 2000 வரைக்கும். என் செட்டு பசங்களுக்கு 'மின்னலே'ல (2001) தொடங்கி 'விண்ணைத்தாண்டி வருவாயா'வோட (2010) உலகமே நின்னு போச்சு. அவங்கவங்க ஸ்கூல், காலேஜ் படிச்ச வருஷத்துக்குப் பேரு எல்லாக் காலமா? அறுபதுகள்ல வந்த 'காதலிக்க நேரமில்லை' (1964), 'கர்ணன்' (1964) எல்லாம் கேக்காமலேயே 'ஆல் டைம்'னு எழுதற துணிச்சல் எப்படித்தான் வருதோ!

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குதானே, ஏன் டென்ஷன்னு கேக்கறீங்களா? டென்ஷனுக்குக் காரணம் இருக்கு. நாம லிஸ்ட்டுல எதைச் சேர்க்கறோமோ அதைத்தான் அடுத்த தலைமுறை தேடிக் கேக்கும். எதை விடறோமோ அது மெல்ல மறைஞ்சு போகும். நம்ம லிஸ்ட்டுகள்ல விட்டுப் போறது எதுன்னு பாருங்க. சினிமா இல்லாத இசை மொத்தமும்! கதாநாயகன், கட்டவுட்டு, டான்ஸ் எதுவும் இல்லாம, இசையை மட்டும் நம்பி ஒருத்தர் ஆல்பம் போட்டா அதுக்கு நம்ம பத்துல எடமே கிடையாது. ஆஃபீஸ்ல ஒரு நண்பர்கிட்ட 'திருவாசகம்'னு சொன்னேன். "அது பக்திப் பாட்டு கணக்குல வரும் மச்சி, இதுல சேராது"ன்னாரு. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வெச்சு 2005ல மாணிக்கவாசகருக்குப் போட்ட இசை எந்தக் கணக்குலயும் வராதாம். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறாம என்ன செய்யும்? இப்படி இருந்தா, இன்னிக்கு வீட்டுல ஒரு மைக்கை வெச்சுக்கிட்டு சொந்தமா பாட்டுப் பண்ற பொண்ணையும் பையனையும் நாம எங்க வெக்கப் போறோம்?

திட்டிட்டு மட்டும் போனா நியாயம் இல்லை. இந்தாங்க என்னோட அஞ்சு. வரிசை கிடையாது, காரணம் இருக்கு.

'ஹவ் டு நேம் இட்' (1986). தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணி ராஜா போட்டது. வி.எஸ்.நரசிம்மனோட வயலின். ஒரு ட்ராக்கை எடுத்துட்டாலும் மிச்சது ஆட்டம் காணும்.

'சிந்து பைரவி' (1985). சித்ராவுக்கும் ராஜாவுக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. "தண்ணித் தொட்டி உதைக்குதே"ம்பீங்க. உதைக்கணும்கறதுக்காகத்தான் அது இருக்கு! கீர்த்தனை பாடின வாய், குடிக்காக எதைப் பாடற நிலைமைக்கு வந்துச்சுங்கறதுதானே கதை.

'திருடா திருடா' (1993). ஒரு வாத்தியமும் இல்லாம மனுஷக் குரல்களை மட்டும் வெச்சு 'ராசாத்தி'. அதே ஆல்பத்துல 'வீரபாண்டிக் கோட்டையிலே'. துணிச்சலுக்கு மறுபேர்.

'இருவர்' (1997). 'நறுமுகையே'வும், ஜாஸ்ல போற 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி'யும், அரவிந்த்சாமியோட கவிதை வாசிப்பும் ஒரே வீட்டுல குடியிருக்கு. படம் ஓடலை. ஆல்பம் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.

'திருவாசகம்' (2005). மேலேயே புலம்பிட்டேன்.

மூணு ராஜா, ரெண்டு ரஹ்மான். ரெண்டு கோஷ்டியும் ஆட்டோ அனுப்பத் தோதா இருக்கும் :-) எம்.எஸ்.வி. எங்கேன்னு கேப்பீங்க. அவர் காலத்துல பாட்டுகள் ரேடியோவுலயும் சின்ன ரெக்கார்டுலயும் தனித்தனியாத்தான் ஜனங்க காதுக்குப் போச்சு. அதை இப்போ ஆல்பம்னு கட்டி அளக்கறது அவருக்குப் பண்ற மரியாதை ஆகாது. பாட்டுகளுக்குன்னு தனியா லிஸ்ட் போட்டா பாதி எடம் அவருக்குத்தான்.

இப்போ உங்க முறை. 'இதை எப்படி விட்டே, உனக்கு ரசனையே இல்ல'ன்னு ஒத்த வரியில திட்டிட்டுப் போறவங்களுக்குப் பதில் கிடையாது. ஒரு ஆல்பம் சொல்லுங்க. அதுல இருக்கறதுலேயே சுமாரான பாட்டு எதுன்னு சொல்லுங்க. அது ஏன் அங்க இருக்கணும்னு ரெண்டு வரி சேருங்க. முடிஞ்சா சினிமா இல்லாத ஒண்ணு சொல்லுங்க, கால்ல விழுந்து கும்புடறேன்.

டிஸ்கி: ராஜாவையும் ரஹ்மானையும் ஒப்பிட்டே தீருவேன்னு கை அரிச்சா, 'ஹவ் டு நேம் இட்'ல ஒரு ட்ராக் இருக்கு. பேரு 'டோன்ட் கம்பேர்'. அதைக் கேட்டுட்டுத் தூங்குங்க.