செக் பவர் யாரிடம்?

தெற்குத் திட்டைப் படத்தை நம்மில் பலர் பகிர்ந்திருப்போம். கடலூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஊராட்சியின் தலைவர் ஒரு தலித் பெண். மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் நடந்தது 2020 ஜூலையில். படம் வெளியே வந்தது அக்டோபரில். வந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, ஊராட்சி செயலர் பணியிடை நீக்கம், தொலைக்காட்சி விவாதங்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி பரவியதும் ஐந்தே நாளில் மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அவர் கையால் கொடியேற்ற வைத்தார். 2022 சுதந்திர தினத்துக்கு முன், தலித் தலைவர்கள் மரியாதையோடு கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணி அந்த ஆண்டு 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் எடுத்த கணக்கில், 22 ஊராட்சிகளில் தலித் தலைவருக்கு நாற்காலிகூட இல்லை என்று தெரிந்திருந்தது.

நாற்காலிக்காகவும் கொடிக்காகவும் கோபப்பட்டது சரிதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது. படம் எடுக்க முடியாத இடத்தில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை. அந்த இடத்துக்கு ஊராட்சிகளில் ஒரு பெயர் உண்டு: செக் பவர்.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு இல்லை. ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இந்த மூன்று வாக்கியங்களையும் சேர்த்துப் படியுங்கள். தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்ட ஊரில், ஆதிக்க சாதியினர் முதல் வேலையாகத் துணைத் தலைவர் பதவியைப் பிடிப்பது ஏன் என்று புரியும். வார்டுகளில் பெரும்பான்மை அவர்களிடம் இருக்கும்போது அதற்குப் பெரிய சூழ்ச்சியும் தேவையில்லை.

அதன் பிறகு யாரும் யாரையும் தரையில் உட்கார வைக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். மோட்டார் ரிப்பேர் பில் நிற்கும். தெருவிளக்கு வாங்கிய கடைக்காரர் தலைவரின் வீட்டுக்கு வந்து நிற்பார். தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் தள்ளிப்போகும். அந்தப் பணியாளரும் பெரும்பாலும் தலைவரின் தெருவைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார். தண்ணீர் வராத மூன்றாவது நாள், காலிக் குடத்தோடு மக்கள் கேட்பது தலைவரை. துணைத் தலைவரை அல்ல. நாலு மாதம் இப்படி ஓடினால் ஊரே சொல்லும்: 'அந்தம்மாவுக்கு நிர்வாகம் தெரியல.' அதற்கு மேல் போனால், தலைவரை நீக்க ஆட்சியருக்கு அதிகாரம் தரும் 205ஆம் பிரிவு இருக்கிறது. மனு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது.

மேலவளவை நாம் மறக்கவில்லை. 1996இல் அந்த ஊராட்சி தனி ஊராட்சியானது. மனுத் தாக்கல் செய்தவர்களை மிரட்டினார்கள், தேர்தல் தடைபட்டது. கடைசியில் வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு ஐந்து பேர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தலைவர் நாற்காலியில் யாரும் நிலைத்து உட்கார முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. வெட்டரிவாளால் செய்ததை இன்று பேனாவைத் திறக்காமலே செய்ய முடிகிறது. இதற்கு வன்கொடுமை வழக்குப் போடுவதும் எளிதல்ல. எந்த எஃப்ஐஆரில் எழுதுவீர்கள், 'கையெழுத்துப் போடவில்லை' என்று?

இது மக்கள் முன்னால் அம்பலமாக வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. ஊராட்சியின் வரவு செலவைத் தலைவர் மக்களிடம் சொல்லும் நாள். நான் போன கிராம சபைகளில் அது நடக்கும் விதம் வேறு. மைக் ஊராட்சி செயலரிடம் இருக்கும். டெங்கு, நெகிழி ஒழிப்பு, அரசுத் திட்டங்கள் என்று மேலிருந்து வந்த கூட்டப் பொருளை ஒரே மூச்சில் வாசிப்பார். வரவு செலவு என்று வரும்போது குரல் தாழும், வேகம் கூடும். தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். அதற்குள் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிடுவார்கள். எந்த பில் எத்தனை நாள் யாரிடம் நின்றது என்ற கேள்வி எழவே எழாது. தலைவர் தன் வாயால் 'நான் கையெழுத்துப் போட்டேன், அவர் போடவில்லை' என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் பிழைப்புக்குப் போகும் வயல் யாருடையது என்பதும் தெரியும்.

கூட்டம் நடக்கும் இடத்தையும் கவனியுங்கள். சுழற்சி முறையில் வெவ்வேறு குடியிருப்புகளில் நடத்த வேண்டும், மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை வருகிறது. சேரியில் எத்தனை முறை நடந்தது என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

இதைவிட வசதியான ஏற்பாடு ஒன்றும் அரசிடம் இருக்கிறது: தேர்தலே நடத்தாமல் இருப்பது. 2016 அக்டோபரிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லை, தனி அலுவலர்கள்தான். 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது, 28 மாவட்டங்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலரிடம் போயின. காரணம், வார்டு மறுவரையறை. காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243ஈ பிரிவு சொல்வது இரண்டு ஆட்சிகளுக்கும் உறைக்கவில்லை. முன்பு அதிமுக, பிறகு திமுக. இதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

'தனி அலுவலர் வெளியாள், உள்ளூர் சாதி அழுத்தம் அவருக்கு இல்லை, அதுவும் நல்லதுதானே' என்று ஒரு தோழர் என்னிடம் சொன்னார். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் பல ஊராட்சிகளைப் பார்க்கிறார். அவர் ஊருக்கு வந்தால் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருவார், யார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போவார்? தனித் தொகுதியில் வென்ற ஒருவரை ஆதிக்க சாதி குறைந்தபட்சம் தடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையும் இல்லை.

அரசுப் பதிவுகளிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சாதிப் பெயர் தாங்கிய தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்களை மாற்றும் பேச்சு அந்த ஆண்டு அக்டோபர் கிராம சபைகளுக்கும் வந்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை, சந்தேகமில்லை. ஆனால் தங்கள் தெருவுக்கு என்ன பெயர் என்று முடிவெடுக்கும் அந்தக் கூட்டத்தில், பெரும்பாலான மாவட்டங்களில், அந்தத் தெரு தேர்ந்தெடுத்த தலைவர் மேடையில் இல்லை.

கோரிக்கை ஒன்றும் பெரிதல்ல. துணைத் தலைவர் பதவிக்கும் இடஒதுக்கீடு வேண்டும். குறைந்தபட்சம், தனி ஊராட்சிகளில் அது ஆதிக்க சாதியின் கைக்குப் போகாத ஏற்பாடு வேண்டும். அதுவரை, கையெழுத்து மறுப்பவர் குறிப்பிட்ட நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்தக் காரணம் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும் என்று விதி கொண்டுவரலாம். 'செக் பவரைத் தலைவரிடம் மட்டும் கொடுத்தால் ஊழல் பெருகாதா' என்று கேட்பவர்கள், இரண்டு கையெழுத்து இருக்கும் ஊர்களில் ஊழல் ஒழிந்துவிட்டதா என்றும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் தலைவரோடு கையெழுத்திடுபவர் ஊராட்சி வளர்ச்சி அலுவலர். அரசு ஊழியருக்கும் சாதி உண்டு, தெற்குத் திட்டையில் பார்த்தோம். இருந்தாலும் அவரிடம் விளக்கம் கேட்கலாம், நடவடிக்கை எடுக்கலாம்.

வரவு செலவு விவரத்தைக் கிராம சபையில் எல்லோர் கண்ணுக்கும் படும்படி பேனராக வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நான்கு பேராகப் போங்கள். பேனர் கட்டியிருக்கிறார்களா, எங்கே என்று பாருங்கள். நிலுவையில் உள்ள பில்களின் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், கேட்டதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.