காருக்கும் நல்ல தண்ணீர் வேண்டும்!

சென்ற சித்திரையில் எறையூரில் ஒரு கல்யாணம். மாமாவின் பழைய அம்பாசிடரில் பெரம்பலூரில் இருந்து புறப்பட்டோம். மாமா, அத்தை, நான், இரண்டு குழந்தைகள், பின்னால் ஒரு பலாப்பழம்.

பாதி வழியில் காரின் முன்பக்கம் ஆவி கக்கியது. மாமா வண்டியை ஓரம் கட்டினார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிக் கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார்.

“வேண்டாம் மாமா!” என்று கத்தினேன். நல்ல காலம், கையை எடுத்து விட்டார்.

ஏன் கத்தினேன்? அந்த மூடி சாதாரண மூடி அல்ல. தண்ணீரை அழுத்தத்தில் அடக்கி வைக்கும் மூடி. 7 பவுண்டு மூடி போட்ட காரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 110 டிகிரி வரை தாங்கும். சூட்டோடு திறந்தால் அவ்வளவும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பாயும். அரை மணி நேரம் போனாலும் போகட்டும், ஆறிய பிறகுதான் தொட வேண்டும். குழந்தைகளை வண்டியின் முன்னால் நிற்க விடவே கூடாது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மாமாவுக்குக் கோபம். போன மாதம்தான் ஒரு பட்டறையில் பணம் கொட்டியிருக்கிறார். அங்கே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்து விட்டார்கள். புதிதாக ஒரு மின்விசிறி மாட்டி விட்டார்கள். “இனி கொதிக்காது” என்றார்களாம்!

இரண்டுமே தவறான வைத்தியம் என்பது என் கட்சி.

தெர்மோஸ்டாட் ஒரு வாயிற்காவலன். எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. ஏறக்குறைய 80 டிகிரியில் திறக்கும். அதைக் கழற்றினால் எஞ்சின் சூடேற வெகு நேரம் ஆகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் மிகும். கெட்டுப் போயிருந்தால் புதியது போடலாமே! கெட்டதா என்று பார்க்கவும் வழி உண்டு. ஒரு பழைய பாத்திரத்தில் வெந்நீர் காய்ச்சி, நூலில் கட்டித் தொங்க விட்டால், அது திறப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

நகர நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு மின்விசிறி உதவும், ஒப்புக் கொள்கிறேன். ஆனால் டைனமோ வைத்த பழைய வண்டி அவ்வளவு மின்சாரத்துக்கு எங்கே போகும்? அதோடு, உள்ளே அடைத்துக் கிடக்கும் ரேடியேட்டருக்கு வெளியே எவ்வளவு காற்று அடித்து என்ன பயன்?

ஆலையைப் பாருங்கள்

எறையூரில் அரசுத் துறைச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு கொண்டு போகும் விவசாயிகளுக்குத் தெரிந்த இடம். எந்தச் சர்க்கரை ஆலையிலும் கிணற்றுத் தண்ணீரை அப்படியே கொதிகலனுக்கு விடமாட்டார்கள். உப்பையும் சுண்ணாம்பையும் பிரித்து எடுத்த பிறகே விடுவார்கள். நாமோ போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் காருக்கு ஊற்றுகிறோம்!

வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக் கூட அந்தச் சுண்ணாம்பு கடத்தாது. பெட்ரோல் எரிந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். பாவம், அது என்ன செய்யும்?

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் செய்யப்பட்ட வண்டி அம்பாசிடர். 2014-இல் உற்பத்தி நின்று விட்டது. இருக்கிற வண்டிகளை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

ஊர் திரும்பியதும் மாமா ரேடியேட்டர் கடைக்குப் போனார். மேல் தொட்டியைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டார்கள். துருவும் சுண்ணாம்புமாக ஒரு தட்டு நிறைய வந்தது! தொட்டியை மறுபடி பற்ற வைத்து, புது மூடி, புது தெர்மோஸ்டாட், புது பேன் பெல்ட் போட்டார்கள். துருப்பிடிக்காமல் தடுக்கும் கூலன்ட் ஊற்றினார்கள். (அது விஷம், இனிக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.) மின்விசிறிக்கு வேலையே இல்லை, கழற்றியாயிற்று.

வைகாசியில் அதே சாலையில் மறுபடி போனோம். முள் நடுவிலேயே நின்றது. மாமா இப்போது டிக்கியில் காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு கேன் வைத்திருக்கிறார். பலாப்பழத்துக்கு இடமில்லை என்று அத்தைக்குத்தான் குறை.