முன்பக்கம் சொல்லாத கொழுப்பு

சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டுகளில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்ற வாசகம் பளிச்சென்று இருக்கும். பொய்யில்லை. கொலஸ்ட்ரால் விலங்கு உடலின் சரக்கு. தாவர எண்ணெயில் பொருட்படுத்தும் அளவுக்கு அது இருப்பதே இல்லை. ஆனால் அந்த வாசகத்தைத் தேங்காய் எண்ணெயின் மீதும் ஒட்டலாம், ரேஷன் பாமாயில் மீதும் ஒட்டலாம். எல்லா எண்ணெய்க்கும் பொருந்தும் புகழ்ச்சியை வைத்துக்கொண்டு வாங்குகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுவதில், உண்ணும் கொலஸ்ட்ராலைவிடக் கொழுப்பு அமிலங்களின் வகைக்கே பங்கு அதிகம். நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தின் கார்பன் சங்கிலி நேரானது, நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வகைதான். மார்கழிக் குளிரில் அது பாட்டிலுக்குள் உறைவது அதனால்தான். இரட்டைப் பிணைப்பு உள்ள சங்கிலி வளைந்துவிடும். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அத்தகையவை மிகுதி என்பதால் அவை குளிரிலும் பெரும்பாலும் ஓடும். பாமாயில் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

வளைந்ததை நிமிர்த்தவும் மனிதர் கற்றுக்கொண்டார்கள். நிக்கல் வினையூக்கியின் துணையோடு தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றினால் நெய்போல இறுகி வனஸ்பதியாகும். 1937இல் டால்டா இந்தியச் சந்தைக்கு வந்தது இந்த வேதியியலால்தான். ஏற்றுவதைப் பாதியில் நிறுத்தும்போது சில இரட்டைப் பிணைப்புகள் டிரான்ஸ் வடிவத்துக்கு மாறிவிடும். கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கும் டிரான்ஸ் கொழுப்பு அதுவே. 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதற்கு 2 சதவீத உச்சவரம்பு இருக்கிறது.

இதே வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்றவர்களைப் பிடிக்க அரசு செய்த ஏற்பாடு சுவாரசியமானது. வனஸ்பதியில் 5 சதவீதமாவது நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்றது சட்டம். சந்தேக நெய்யைச் சோதனைச்சாலையில் அமிலத்தோடு குலுக்கினால், நல்லெண்ணெயின் பொருளொன்று சிவந்து கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கொழுப்பை அடையாளம் காட்ட அவ்வளவு மெனக்கெட்ட நாடு, இன்று பாக்கெட்டின் முகத்தை விளம்பரக்காரர்களிடம் விட்டிருக்கிறது. 'ஆன்டி-கொலஸ்ட்ரால்', 'டபுள் ரீஃபைண்ட்' போன்ற மிகைச் சொற்களை 2011ஆம் ஆண்டு விதிகள் தடுத்தன. நல்லதுதான், ஆனால் போதாது. நிறைவுற்றது எவ்வளவு, நிறைவுறாதது எவ்வளவு, டிரான்ஸ் எவ்வளவு என்ற மூன்று எண்களும் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் வர வேண்டும். இதற்காக நிறுவனங்கள் புதிதாக எதையும் சோதிக்க வேண்டியதில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தில், பொடி எழுத்து அட்டவணையில், அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது.