விளையாத நெல்லுக்கு எழுதும் காசோலை

பிள்ளையின் படிப்பு என்று வந்துவிட்டால் எமது மக்கள் எதையும் கொடுக்கத் தயங்குவதில்லை. மாட்டை விற்றிருக்கிறார்கள். தாலிக்கொடியை அடகு வைத்திருக்கிறார்கள். காணியை ஈட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1990 ஆம் ஆண்டிலும், பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் படுவான்கரையை விட்டு ஓடி வந்தபோது, பானை சட்டியை விட்டுவிட்டுப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் மறக்காமல் எடுத்து வந்த தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். நிலத்தை இழக்கலாம், வீட்டை இழக்கலாம், படித்த படிப்பை எவரும் பறிக்க முடியாது என்பது இடம்பெயர்ந்த குடும்பங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை.

அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. அந்த நம்பிக்கையின் பெயரால் நாம் எதில் கையொப்பம் இடுகிறோம் என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திக்கவே எழுதுகிறோம்.

ஊர் திரும்பியோர் போக, வாவியின் இக்கரையிலேயே தங்கிவிட்ட விவசாயக் குடும்பங்கள் பல. கல்லடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் வாவியும் மறு பக்கம் கடலுமாக உள்ள நாவற்குடாப் பகுதியில் குடியிருப்போம். வயலோ அக்கரையில் கிடக்கும். மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்து நின்ற காலம் 2014 இல் பாலம் திறக்கப்பட்டதோடு போய்விட்டது. ஆயினும் வட்டையில் வேளாண்மை, இக்கரையில் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ரியூசனும் என்ற இரட்டை வாழ்க்கை மாறவில்லை.

ரியூசன் கட்டணம் மாதாமாதம் வரும். எமது வருமானம் அப்படி வருவதில்லை. நீர்ப்பாசன வசதி உள்ளவர்களுக்கு மாரியும் சிறுபோகமுமாக வருடத்தில் இரு தடவை காசு காணலாம். மானாவாரி வயல் செய்பவர்களுக்கு ஒரே தடவைதான். ஆகவே, "மாஸ்டர், வேளாண்மை வெட்டினவுடன தாறம்" என்று சொல்லிப் பிள்ளையை வகுப்பில் இருத்துவது எமக்குப் பழக்கமான காரியம். அந்த வாய்ப்பேச்சை ஏற்காத சில இடங்களில், "அப்படியென்றால் திகதி போட்டு ஒரு செக் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். ஆறு மாதக் கட்டணத்துக்கு ஒரு காசோலை. திகதி, அறுவடை முடியும் பங்குனி மாதம். பார்வைக்கு இது ஒரு சலுகைபோலத் தெரியும். உண்மையில் அது சலுகையா?

யாருடைய காசோலை?

காசோலை எழுதுவதற்கு நடைமுறைக் கணக்கு வேண்டும். எம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது சேமிப்புக் கணக்கு. எனவே, கேட்ட காசோலையைக் கொடுக்க இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, கடை வைத்திருக்கும் மைத்துனரிடமோ தெரிந்த முதலாளியிடமோ அவருடைய காசோலையை இரவல் வாங்குவது. இதில் பணம் கட்டத் தவறுவது நாம். சட்டத்தின் முன் நிற்பது கையொப்பமிட்ட அவர். ஒரு பாடத்தின் கட்டணத்துக்காக ஒரு குடும்ப உறவே முறிந்துபோகும்.

மற்றது, நெல் வாங்கிய வியாபாரி காசுக்குப் பதிலாகத் தந்த பின்திகதியிட்ட காசோலையின் பின்பக்கத்தில் நாம் கையொப்பமிட்டு ரியூசனுக்குக் கைமாற்றிக் கொடுப்பது. பெறுநரின் கணக்குக்கு மட்டும் எனக் கோடிட்ட காசோலையை இவ்வாறு கைமாற்ற இயலாது. கைமாற்றக் கூடிய காசோலையாயினும், வியாபாரியின் கணக்கில் காசில்லாமல் அது திரும்பினால், புறக்குறிப்பிட்ட எம்மிடமே அந்தத் தொகையைக் கேட்கலாம். விற்ற நெல்லும் போய், கடனும் எம் தலையில் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது நாட்டில் 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க உண்டியல் கட்டளைச் சட்டம், பிந்திய திகதி இடப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஓர் உண்டியல் செல்லாது போய்விடாது என்கிறது. காசோலையும் ஒருவகை உண்டியலே. எனவே, "திகதி வராத செக்தானே, வெறும் கடதாசிதானே" என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது, 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம். கணக்கில் போதிய பணம் இல்லை என அறிந்துகொண்டே காசோலை எழுதுவதை அச்சட்டம் குற்றமாக்கியது. நிறைவேற்றப்பட்டபோது அது விதித்த தண்டனை ஒரு வருடம் வரையான சிறை, அல்லது 10,000 ரூபா அல்லது காசோலைத் தொகையின் பத்திலொரு பங்கு ஆகிய இரண்டில் எது கூடவோ அந்தத் தண்டப்பணம், அல்லது இரண்டுமே.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு மாதம் 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மூன்று பாடங்களுக்கு மாதம் 6,000. ஆறு மாதத்துக்கு 36,000 ரூபா. இதில் பத்திலொரு பங்கு 3,600 ரூபா மட்டுமே. ஆனால், எது கூடவோ அது என்பதால் தண்டப்பணம் 10,000 ரூபா ஆகிவிடும். கோடிக் கணக்கில் காசோலை எழுதும் வர்த்தகருக்குப் பத்து வீதம். ஏழையின் சிறிய காசோலைக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல். பின்திகதியிட்ட காசோலையில் "அறிந்துகொண்டே எழுதினார்" என்பதை எப்படி நிரூபிப்பது என்று சட்டத்தரணிகள் வாதிடலாம். எமக்கோ நீதவான் நீதிமன்றத்துக்குத் தவணை தவணையாக அலைவதே ஒரு தண்டனைதான்.

பிற நாடுகளிலும் இந்தப் பிரச்சினை பேசப்பட்டிருக்கிறது. எமது பிள்ளைகள் பலர் உழைக்கப் போயுள்ள ஐக்கிய அரபு இராச்சியத்தில் வீட்டு வாடகை போன்றவற்றைப் பின்திகதியிட்ட காசோலைகளால் செலுத்துவது நெடுநாளைய வழக்கம். காசோலை திரும்பியதால் சிறைக்குப் போனவர்களும் அங்கு இருந்தார்கள். 2022 ஜனவரி முதல், கணக்கில் பணம் போதாமல் காசோலை திரும்புவதைப் பொதுவாகக் குற்றமாகக் கொள்ளாமல், கடனாகக் கருதி அறவிடும் வகையில் அந்நாட்டுச் சட்டம் மாற்றப்பட்டது. கடன்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதால் கடன் அடைபடாது என்பதை வர்த்தகமே உயிராகக் கொண்ட ஒரு நாடும் உணர்ந்திருக்கிறது.

திகதி எம் கையில் இல்லை

காசோலையில் எழுதும் திகதியை நாம் குறிக்கலாம். அந்தத் திகதிக்குள் நெல் விளைந்து விலைப்படுமா என்பதை நாம் குறிக்க முடியாது. 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வந்த வெள்ளத்தில் மட்டக்களப்பின் வயல்கள் மூழ்கியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, அதற்கடுத்த பெரும்போக விளைச்சல் நாடெங்கும் விழுந்தது. அந்த வருட முற்பகுதியில் "வாற மாரி வேளாண்மையில தாறம்" என்று வாக்குக் கொடுத்த விவசாயி என்ன பிழை செய்தார்?

2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்தது, க.பொ.த. உயர்தரப் பரீட்சையை இடைநிறுத்தினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மறுபடியும் உயர்தரப் பரீட்சையை இடைநிறுத்திப் பின்போட்டார்கள். மழை பெய்தால் அரசாங்கத்தின் பரீட்சைத் திகதியே மாறுகிறது. அதே மழையில் வயலை இழந்த தகப்பனின் காசோலைத் திகதி மட்டும் மாறாமல் நிற்கிறது. இதுதான் நாம் சொல்ல வந்த விடயம். பின்திகதியிட்ட காசோலை என்பது, மழைக்கும் வெள்ளத்துக்கும் உரத்துக்கும் நெல் விலைக்கும் உரிய ஆபத்து முழுவதையும் விவசாயியின் தலையில் ஏற்றிவிட்டு, மற்றவர் நிம்மதியாக இருக்கும் ஏற்பாடு.

படிப்பிக்காத பாடத்துக்கும் பணமா?

இன்னுமொன்று. மாதம் முடியக் கட்டும் கட்டணத்தில் பெற்றோருக்கு ஒரு பலம் உண்டு. வகுப்பு ஒழுங்காக நடக்காவிட்டால் பிள்ளையை நிறுத்திவிடலாம். ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ முன்கூட்டியே காசோலை கொடுத்துவிட்டால் அந்தப் பலம் போய்விடும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளும் ரியூசன் வகுப்புகளும் ஒரே நாளில் நின்றுபோனதை எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவில் 2025 ஜனவரியில், பெயர்பெற்ற பயிற்சி நிறுவனமொன்றின் கிளைகள் வட மாநில நகரங்கள் சிலவற்றில் திடீரென மூடப்பட்டன. முழுக் கட்டணத்தையும் முன்னரே கட்டிய பெற்றோர் பூட்டிய கதவின் முன் நின்றார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னர், 2024 ஜனவரியில், அந்நாட்டுக் கல்வி அமைச்சு வெளியிட்ட வழிகாட்டல்களில், மாணவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்குரிய கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. விதி நல்ல விதிதான். ஆனால், காசு எவர் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே பலம் இருக்கும் என்பதையும் அந்தப் பூட்டிய கதவுகள் காட்டின.

ஆசிரியரின் நியாயம்

ரியூசன் ஆசிரியர்களை எதிரிகளாக்குவது எமது நோக்கமன்று. அவர்களிலும் பலர் எம்மைப் போன்ற குடும்பங்களிலிருந்து படித்து வந்து, அரச நியமனம் கிடைக்காமல் காத்திருக்கும் பட்டதாரிகள். மண்டப வாடகையும் மின்சாரக் கட்டணமும் அவர்களுக்கும் மாதாமாதம்தான் வருகின்றன. "போகம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, போகம் முடிந்தபின் பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றிய பெற்றோரும் எம்மிடையே உண்டு. அந்த ஏமாற்றம்தான் காசோலை கேட்க வைக்கிறது. ஆகவே, காசோலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எமக்கு வேண்டுமாயின், கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் கடமையையும் நாம் ஏற்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

களவெட்டியில் சூடு மிதித்து முடிந்ததும், கோயிலுக்கும் ஊருக்கு உழைத்தவர்களுக்கும் உரிய நெல்லை அளந்து கொடுத்த பின்னரே மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வருவது எமது முன்னோரின் வழக்கம். திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கும் அந்நாளில் நெல்லாகக் கொடுத்ததுண்டு. விளைச்சலைப் பார்த்துக் கொடுப்பது எமக்குப் புதிய யோசனை அன்று. அதை இன்றைய காலத்துக்கு ஏற்ப ஒழுங்கு செய்வதே தேவை.

1. காசோலையில் கையொப்பமிட வேண்டாம். தொகையோ திகதியோ எழுதாத வெற்றுக் காசோலையை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். மற்றவருடைய காசோலையை இரவல் கேட்கவும் வேண்டாம்.

2. ஆசிரியருடன் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். மாதாமாதம் இயன்ற ஒரு சிறு தொகை. மீதி அறுவடைக்குப் பின். வெள்ளத்தாலோ வரட்சியாலோ விளைச்சல் அழிந்தால் அடுத்த போகம் வரை தவணை என்பதையும் அதில் எழுதுங்கள். வகுப்பு நடக்காத மாதத்துக்குக் கட்டணம் இல்லை என்பதையும் எழுதுங்கள். இரு தரப்புக்கும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும்.

3. தனித்தனியே போகாமல் பத்துப் பெற்றோராகச் சேர்ந்து போங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ பொறுப்பு நின்றால் ஆசிரியருக்கும் நம்பிக்கை வரும். சீட்டுக் கட்டிப் பழகிய எமது பெண்களுக்கு, போகத்துக்குப் போகம் நிரப்பும் ஒரு கல்வி நிதியை நடத்துவது கடினமான காரியமன்று. மாத வாடகையை அந்த நிதியிலிருந்து கொடுத்தாலே ஆசிரியரின் பாதிச் சுமை குறையும்.

4. ஏற்கனவே காசோலை கொடுத்திருந்தால், திகதி வரும்வரை ஒளிந்திருக்க வேண்டாம். முன்னதாகவே போய்ப் பேசி, பகுதிப் பணம் கட்டி, காசோலையைத் திரும்பப் பெறுங்கள். கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வங்கியில் சொல்லிக் கொடுப்பனவை நிறுத்திவிட்டால் தப்பலாம் என்று எவராவது சொன்னால், சட்ட ஆலோசனை பெறாமல் அதைச் செய்யாதீர்கள். வசதி குறைந்தோருக்கு உதவவே மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது.

5. காசோலைக்குப் பயந்து வேறிடத்தில் வட்டிக்கு வாங்கி அதை அடைக்காதீர்கள். நுண்கடன் எமது பெண்களைப் படுத்திய பாடு போதும். வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு 2018 இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

இவை யாவும் கைமருந்து. நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். நாவற்குடாவில் வாழும் விவசாயியின் மகளுக்கும் கொழும்பில் வாழும் அதிகாரியின் மகனுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை. ஆனால், கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆள் இல்லாத பாடசாலையில் இலவசம் என்ற சொல்லுக்கு என்ன பெறுமதி? அந்தக் குறையை நாம் எமது காசால் அடைக்கிறோம். காசில்லாதபோது கையொப்பத்தால் அடைக்கிறோம். ரியூசன் வாசலில் எவ்வளவு அக்கறையோடு நிற்கிறோமோ, அதே அக்கறையோடு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் எழுந்து நின்று, "எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? எத்தனை மாதமாக இல்லை? வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினீர்களா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கக் காசு தேவையில்லை.

பிள்ளை படிக்கட்டும். அவளுடைய ஆசிரியருக்கு உரிய கூலியும் தவறாமல் சேரட்டும். ஆனால், இன்னும் விதைக்காத வயலை நம்பி, இன்னும் பெய்யாத மழையை நம்பி, ஒரு கடதாசியில் திகதி எழுதிக் கையொப்பமிடுவதை இந்த மாரிப் போகத்தோடு நிறுத்துவோம்.