பிறந்த வர்க்கமும் நின்ற பக்கமும்

1936 ஜூலையில் ஸ்பெயின் குடியரசுக்கு எதிராக ராணுவத் தளபதிகள் கலகம் செய்தபோது, மேட்டுக்குடி அதிகாரிகளில் பலர் தம் வர்க்கத்தின் பக்கமே சென்றனர். அவ்வாறு செல்ல மறுத்தவர்களில் ஒருவர், குடியரசின் விமானப் படைத் தளபதி இக்னாசியோ ஹிடால்கோ டெ சிஸ்னெரோஸ். அவரது வாழ்க்கை இன்றும் நம் அணிகளுக்குள் எழும் ஒரு கேள்வியைத் தொடுகிறது: ஆளும் வர்க்கத்திலிருந்து வருபவரை எவ்வாறு மதிப்பிடுவது?

1896இல் விட்டோரியா நகரில், மன்னராட்சியில் ஊறிய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். விமானியாகி மொராக்கோவின் காலனியப் போரில் பங்கேற்றார். விடுதலைக்காகப் போராடிய ரீஃப் மக்கள்மீது நச்சுவாயுக் குண்டுகளை வீசியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே ஒப்புக்கொண்டுள்ளார். இந்தக் குற்றத்தை மறைத்து அவரைப் போற்ற வேண்டிய தேவை நமக்கில்லை.

1930 டிசம்பரில் முடியாட்சிக்கு எதிராக குவாத்ரோ வியந்தோஸ் விமானத் தளத்தில் நடந்த எழுச்சியில் அவர் கலந்துகொண்டார். அது தோல்வியுற, நாட்டை விட்டு வெளியேறினார். 1931இல் குடியரசு மலர்ந்ததும் திரும்பினார். பழமைவாதப் பிரதமர் அந்தோனியோ மௌராவின் பேத்தியான அவரது துணைவியார் கான்ஸ்டன்சியா டெ லா மோராவும் குடியரசுக்காக உழைத்தார். போர்க்காலத்தில் இருவரும் கம்யூனிஸ்டுக் கட்சியில் இணைந்தனர்.

பிராங்கோவுக்கு ஹிட்லரும் முசோலினியும் விமானங்களை வாரி வழங்கினர். பிரிட்டனும் பிரான்சும் 'தலையிடாமை' என்ற பெயரில், சட்டபூர்வமான அரசு ஆயுதம் வாங்குவதைத் தடுத்தன. சோவியத் விமானங்களும் விமானிகளும் வந்த பிறகே மாட்ரிட் வானில் பாசிஸ்டுகளுக்கு எதிர்ப்பு வலுத்தது. 1938 இறுதியில் பிரதமர் நெக்ரினின் கடிதத்துடன் மாஸ்கோ சென்ற ஹிடால்கோ, ஸ்டாலினிடம் புதிய ஆயுத உதவிக்கு ஒப்புதல் பெற்றார். ஆயினும் அவற்றில் பெரும்பகுதி பிரான்சின் எல்லையைக் கடந்து உரிய காலத்தில் வந்து சேரவில்லை. 1939 ஜனவரி 26 அன்று பார்சிலோனா வீழ்ந்தது. ஆக்கிரமிப்பாளனுக்கும் தாக்கப்பட்டவனுக்கும் இடையே நடுநிலை பேசியவர்கள் யாருக்கு உதவினார்கள் என்பதற்கு வரலாறு தந்த விடை இது.

பிறப்பைக் காட்டி ஒருவருக்குக் கதவடைப்பது தவறு. குலப்பெருமையில் மயங்கி ஒருவரை உயரத்தில் வைப்பதும் தவறே. நெருக்கடியில் அவர் எந்தப் பக்கம் நின்றார், தோல்விக்குப் பின்னும் நிலைத்தாரா என்பதே உரைகல். ஹிடால்கோ செல்வத்தையும் தாயகத்தையும் இழந்தார், கொள்கையைக் கைவிடவில்லை. 1966இல் புக்காரெஸ்டில், நாடுகடந்த வாழ்விலேயே மறைந்தார். தம் நினைவு நூலுக்கு அவர் இட்ட பெயர் 'திசை மாற்றம்'. அத்தகைய மாற்றத்தை எதிர்பார்க்கவும், செயலால் அதைச் சோதிக்கவும் ஒரு புரட்சிகரக் கட்சி அறிந்திருக்க வேண்டும்.